வரைந்து எழுதவா, மடித்து எழுதவா? தொடக்க வகுப்பில் கலையையும் எழுத்தையும் சேர்க்கும் நான்கு வழிகள்

வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வகுப்பில் 30 பிள்ளைகள். கலையையும் எழுத்துப் பயிற்சியையும் சேர்த்து நடத்த ஓர் ஆசிரியருக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் கிடைக்கும். இதற்குள் என்ன செய்யலாம் என்று யோசித்தால் நான்கு வழிகள் உண்டு. படம் வரைந்துவிட்டு அதைப் பற்றி எழுதவைக்கலாம். ஒரே தாளை மடித்துக் குட்டிப் புத்தகம் செய்யலாம். களிமண்ணாலும் அட்டைத் துண்டுகளாலும் எழுத்துகளை உருவாக்கலாம். குச்சிப் பொம்மை செய்து பேசவைக்கலாம். நான்குமே நல்லவைதான். ஆனால் எல்லா வகுப்புக்கும் எல்லா நேரத்திலும் அவை ஒரே பயனைத் தருவதில்லை.

எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முன் வகுப்பைக் கவனியுங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள்? எழுத்தின் வடிவத்திலா, வாக்கியம் அமைப்பதிலா, அல்லது வாக்கியங்களைக் கோத்து ஒன்றைச் சொல்லி முடிப்பதிலா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அடுத்தது ஒரு நிமிடக் கணக்கு: 40 நிமிடத்தில் பிள்ளையின் கண்ணும் கையும் எழுத்தின் மேல் இருந்தது எவ்வளவு நேரம்? வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி 35 நிமிடம் போன பிறகு, மணி அடிக்கும் நேரத்தில் "இதைப் பத்தி ரெண்டு வரி எழுதுங்க" என்று சொன்னால் அது கைவேலை வகுப்பு. கைவேலை வகுப்பும் தேவைதான், ஆனால் அதை எழுத்து வகுப்பாகக் கணக்கில் எழுதக் கூடாது. பாடவேளைக்குச் சராசரியாக 15 நிமிடமாவது எழுதவோ படிக்கவோ இடம் கொடுக்காத எந்த முறையையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வாராவாரம் செய்ய நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முதலில் படம், பிறகு எழுத்து

நான்கில் மிகக் குறைந்த பொருளில் நடப்பது இது. ஒரு ஏ4 தாளும் பென்சிலும் போதும். தாளைக் கிடைவாட்டில் வைத்து, அடிப்பக்கத்தில் 6 செ.மீ. அளவுக்கு மேல்நோக்கி மடித்து விரியுங்கள். மேலே இருக்கும் 15 செ.மீ. படத்துக்கு, கீழே இருக்கும் 6 செ.மீ. எழுத்துக்கு. 2 செ.மீ. இடைவெளியில் மூன்று வரி அங்கே கொள்ளும். இந்த மடிப்பை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டிய விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதியது இன்றும் வகுப்பில் கண்கூடு: 4 வயதிலிருந்து 7 வயது வரை உருவங்கள் தாள் முழுக்க மிதக்கும், 7 வயதை ஒட்டித்தான் தரைக்கோடு வரும். அதனால் முதல் வகுப்புப் பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுத்தால் எழுத இடமே மிஞ்சாது. மடித்துக் கொடுத்தால் சிறியவர்களுக்கு அது எல்லை. கொஞ்சம் பெரியவர்களுக்கு அந்த மடிப்பே தரையாகிவிடும்.

முதல் பாடவேளையில் 5 நிமிடம் பேச்சு, 12 நிமிடம் படம், 8 நிமிடம் படத்தின் மேல் சொற்கள் எழுதுவது, மீதி நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் படத்தைக் காட்டிச் சொல்வது. இரண்டாவது பாடவேளையில் 15 நிமிடம் எழுத்து, 10 நிமிடம் வாசித்துக் காட்டுவது, கடைசியில் வண்ணம். எழுதி முடிக்கும்வரை வண்ணப் பெட்டி திறக்கக் கூடாது. வண்ணம் நிரப்புவது நேரத்தை விழுங்கும் என்பது ஒரு காரணம். மெழுகுக் கிரேயான் தடவிய இடத்தில் பென்சில் வழுக்கிக்கொண்டு போகும், சொல் பதியாது என்பது இன்னொன்று. வண்ணத்தைக் கடைசியில் வைத்தால், சீக்கிரம் எழுதி முடித்தவர்கள் வண்ணம் தீட்டும் நேரத்தில் ஆசிரியர் மெதுவாக எழுதுபவர்கள் பக்கத்தில் போய் உட்காரலாம்.

இந்த முறை பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, எல்லாத் தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓடை, ஒரு வீடு. மனப்பாடமாக வந்த படம் இது, பிள்ளை கண்ணால் பார்த்தது இதில் எதுவும் இல்லை. அதனால் எழுதுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. "உனக்குப் பிடிச்சதை வரை" என்று அகலமாகச் சொல்வதால் வரும் விளைவு இது. "நேத்து உன் கையிலிருந்து கீழே விழுந்த ஒண்ணு", "நீ ஒளிஞ்சுக்கிட்ட இடம்", "மழையில நனைஞ்ச ஏதாவது" என்று ஒரு கணத்துக்குள் அடங்கும்படி கேட்டால் மலையும் சூரியனும் தானாக மறைந்துவிடும்.

இரண்டாவது, பட்டியல் வாக்கியம். ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளை சுவரையும் பூனையையும் கிண்ணத்தையும் வரைந்து, "இது பூனை. இது சுவர். இது கிண்ணம்." என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஆசிரியர் பூனையின் முன்னங்காலில் விரலை வைக்க வேண்டும்.

"இந்தக் கால் என்னம்மா பண்ணுது?"

"தாவுது டீச்சர்."

"எங்கேருந்து?"

"செவுத்துலேர்ந்து."

"அப்புறம் இந்தக் கிண்ணம்?"

"கவுந்துடுச்சு."

"தாவுது" என்று காலுக்குப் பக்கத்தில் எழுதவையுங்கள், "கவுந்துடுச்சு" என்று கிண்ணத்துக்குப் பக்கத்தில். இப்போது கீழே வரும் வரி வேறாக இருக்கும்: "பூனை சுவரிலிருந்து தாவியது. கிண்ணம் கவிழ்ந்தது." படத்தின் மேல் எழுதும் நான்கு சொற்களில் இரண்டு பெயர், இரண்டு வினை என்று விதி வைத்துக்கொண்டால் பட்டியல் வாக்கியம் பெருமளவு குறைந்துவிடும்.

"கவுந்துடுச்சு" எப்படிக் "கவிழ்ந்தது" ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். தமிழில் எழுதக் கற்பதன் பெரிய சுமையே இதுதான். பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. பிள்ளை எடுத்த எடுப்பிலேயே எழுத்து நடைக்குத் தாவ வேண்டியிருந்தால் வாயடைத்துப் போகும். படம் நடுவில் இருந்தால் முதலில் பேச்சு நடையில் சொல்லலாம், சொன்ன சொல்லை அப்படியே படத்தின் மேல் எழுதலாம், பிறகு கீழே வரும்போது எழுத்து நடைக்கு மாற்றலாம். ஒரு தாளில் ஒன்றிரண்டு சொல்லை மாற்றினால் போதும். எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்தினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை "இது பூனை"க்கே திரும்பிவிடும், ஏனென்றால் அதில்தான் தப்பு வராது.

வரைவது நினைவுக்கு உதவும் என்பதற்குக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள். வரைந்த சொற்கள், திரும்பத் திரும்ப எழுதிய சொற்களைவிட அதிகம் நினைவில் நின்றன என்பது அதன் முடிவு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், சரளமாக எழுதத் தெரிந்தவர்கள். அதை வைத்து ஒன்றாம் வகுப்பில் எழுதுவதற்குப் பதில் வரைந்தால் போதும் என்று சொல்ல முடியாது. வரைந்ததும் எழுத வேண்டும்.

ஒரே தாளில் எட்டுப் பக்கம்

மடிப்புப் புத்தகம் பார்க்க எளிது, செய்யும்போது சிக்கும். ஏ4 தாளைக் கிடைவாட்டில் வைத்து இடப்பக்க ஓரத்தை வலப்பக்க ஓரத்தோடு சேர்த்து மடியுங்கள். அதே திசையில் இன்னொரு முறை. பிறகு மேலிருந்து கீழாக ஒரு முறை. விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும், நான்கு பத்தி, இரண்டு வரிசை. மறுபடி இடம் வலமாக ஒரே ஒரு முறை மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்புக் கோடு வரை வெட்டுங்கள். வெட்டின் நீளம் சுமார் 7.4 செ.மீ., விரித்தால் நடுவில் 14.8 செ.மீ. பிளவு கிடைக்கும். இப்போது தாளை நீளவாட்டில் இரண்டாக மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் பிளவு வாய் திறக்கும். அதை அப்படியே சுற்றி மடித்தால் புத்தகம்.

பிள்ளைகள் தவறுவது வெட்டும் இடத்தில். மடிப்புப் பக்கத்தை விட்டுத் திறந்த பக்கத்திலிருந்து வெட்டிவிடுவார்கள். அப்போது நடுவில் பிளவு விழாது, இரு ஓரத்திலும் விழும், புத்தகம் கூடாது. ஓரத்தை ஒட்டுநாடாவால் ஒட்டி நடுவில் திரும்ப வெட்டலாம், தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெட்ட வேண்டிய கோட்டில் முன்கூட்டியே தடித்த கோடு போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஆசிரியரே மடித்து வெட்டிக் கொடுப்பது நல்லது. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 30 புத்தகத்துக்கு அரை மணி ஆகும், அதைக் கணக்கில் வையுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து அவர்களே மடிக்கட்டும், ஆனால் முதல் முறை ஒரு முழுப் பாடவேளையில் பாதி அதற்கே போகும்.

இன்னொரு தவறு ஆசிரியர்களே செய்வது: தாள் விரிந்த நிலையில் எழுதச் சொல்வது. விரித்த தாளில் ஒரு வரிசைப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும். மடித்த பிறகு மூன்றாம் பக்கத்தில் யானை காலை மேலே தூக்கிக்கொண்டு கிடக்கும். மடித்து, பக்க எண் போட்ட பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும்.

அளவும் முக்கியம். ஏ4-இல் ஒரு பக்கம் 7.4 × 10.5 செ.மீ. வரும். முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து ஒன்றரை செ.மீ. அகலம் என்றால் ஒரு வரியில் நான்கு எழுத்துதான் கொள்ளும். சொல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போனால் அதைப் படிக்கவே முடியாது. அவர்களுக்கு ஏ3 எடுங்கள், பக்கம் 10.5 × 14.8 செ.மீ. ஆகிவிடும். மறுபக்கம் உள்ளே மறைந்துவிடுவதால் ஸ்கெட்ச் பேனா ஊறினாலும் தெரியாது. எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒரே ஒரு நகல் எடுத்தால் இன்னொரு புத்தகம் தயார்.

அட்டைகள் போக உள்ளே ஆறு பக்கம். இந்த ஆறுதான் இதன் பலம். கதையைக் கோவையாக நடத்த, எல்லை தெரிந்த ஆறு அறைகள். ஆனால் சும்மா விட்டால் எழுந்தான், பல் தேய்த்தான், குளித்தான் என்று நான்கு பக்கம் போய்விடும், ஐந்தில் ஏதோ நடக்கும், ஆறில் "பிறகு தூங்கினான்". ஒன்றாம் பக்கத்திலிருந்து வரிசையாகத் தொடங்குவதால் வரும் கேடு இது. ஆறாம் பக்கத்தை முதலில் வரையச் சொல்லுங்கள், கதை எங்கே போய் நிற்கிறது என்று. அடுத்து மூன்றாம் பக்கம், சிக்கல் தொடங்கும் இடம். மற்ற நான்கும் அதற்குப் பிறகு தானே இடம் பிடித்துக்கொள்ளும். கதைதான் வேண்டும் என்பதும் இல்லை. ஊறவைத்த விதையை ஆறு நாள் பார்த்து நாளுக்கு ஒரு பக்கம் எழுதுவது, கதை வராத பிள்ளைகளுக்கு மிகவும் கைகொடுக்கும்.

பிழை திருத்தம் இங்கே சுலபமாக நடக்கிறது. முதலில் துண்டுத் தாளில் எழுதி, திருத்தி, பிறகு புத்தகத்தில் எழுதவேண்டும் என்று சொன்னால் யாரும் சலித்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் படிக்கப் போகிற புத்தகம் என்பது அவர்களுக்குத் தெரியும். முடிந்ததும் கையில் 30 புத்தகம் இருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்துக்கு வகுப்புக்கு அதுவே நூலகம். எழுத்துப் பயிற்சி வாசிப்பாகத் திரும்பி வருவது மற்ற முறைகளில் இந்த அளவுக்கு இல்லை.

களிமண்ணும் அட்டைத் துண்டும்

எழுத்தின் வடிவம் பிடிபடாத பிள்ளைகளுக்கு மட்டும் இது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்தையும் களிமண்ணில் செய்யக் கிளம்பினால் ஆண்டு முடிந்துவிடும். குழம்பும் எழுத்துகளை மட்டும் எடுங்கள். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யவைத்தால், ண-வுக்குத் திரி நீளமாக வேண்டியிருப்பது கைக்கே தெரியும். கண்ணால் பத்து முறை பார்த்தும் பதியாதது விரலால் மூன்றாவது சுழியைச் சுருட்டும்போது பதிகிறது.

களிமண் கிடைக்காவிட்டால் 2 பங்கு மாவு, 1 பங்கு தூள் உப்பு, தண்ணீர் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், கூடிவிட்டால் கையில் ஒட்டும், திரி உருளாது. விரலில் காயம் இருக்கும் பிள்ளைக்கு உப்பு எரியும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

களிமண்ணின் குறையையும் சொல்லியாக வேண்டும். அதில் எழுதும் திசை இல்லை. பிள்ளை முதலில் காலைச் செய்து, பிறகு சுழியைச் செய்து ஒட்டலாம். வடிவம் சரியாக வரும், ஆனால் கை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது தெரியாமலே போகும். கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தொடங்காத 5 வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தானாக எழுதவும், சிலவற்றைப் புள்ளிமேல் வரையவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் வைத்தார்கள். பிறகு எழுத்தைக் காட்டியபோது, வாசிப்போடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் தானாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்றாகச் செயல்பட்டன. அதனால் களிமண் எழுத்தைச் செய்ததும் அதன் மேல் விரலை எழுதும் திசையில் ஓட்டி, உடனே தாளில் புள்ளி இல்லாமல் ஐந்து முறை எழுதவைக்க வேண்டும். அந்த ஐந்து முறையை விட்டுவிட்டால் களிமண் வெறும் விளையாட்டாகவே நின்றுவிடும்.

அட்டைத் துண்டு வேறு ஒரு நோய்க்கு மருந்து. "கோ" என்று சொன்னால் காதில் முதலில் விழுவது க். ஆனால் கை முதலில் எழுத வேண்டியது இரட்டைக்கொம்பு. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் முரண்படுவதால்தான் பிள்ளைகள் க-வை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் விழிக்கிறார்கள். க ஒரு நிறத்தில், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவை வேறு நிறத்தில் வெட்டிக் கொடுங்கள். "கொ" வைத்துவிட்டுக் காலை எடுத்தால் "கெ". காலைத் திரும்ப வைத்துக் கொம்பை எடுத்தால் "கா". மூன்று துண்டில் நான்கு எழுத்து கிடைக்கிறது, பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் கண்டுபிடித்ததுதான்.

ஆனால் உகர, ஊகார வரிசையில் இந்தத் துண்டு விளையாட்டு எடுபடாது. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் தன் உடலையே மாற்றிக்கொள்கிறது, தனியாகக் கழற்றி மாட்டத் துண்டு இல்லை. கி, கீ-யில் மேலே வரும் விலங்குக் குறியும் எழுத்தோடு ஒட்டியே நிற்கும். அவற்றைப் பென்சிலுக்கே விடுங்கள். பசையை எழுத்தின் எந்தப் பக்கத்தில் தடவுவது என்பதையும் காட்டிக் கொடுக்க வேண்டும். முகப்பில் தடவினால் ஒட்டும்போது கண்ணாடி பார்த்த எழுத்தாகிவிடும்.

குச்சிப் பொம்மை

எழுதுவதற்கு இது கொடுப்பது குறைவு, வாசிப்புக்குக் கொடுப்பது அதிகம். நான்கு வரி உரையாடலை ஒத்திகைக்காக ஐந்தாறு முறை படிக்கும் பிள்ளை, அதே பாடப் பகுதியை ஐந்தாறு முறை படி என்றால் முகம் சுளிக்கும். திரும்பத் திரும்பப் படிப்பதுதான் தட்டுத்தடுமாறிப் படிப்பவரைச் சரளமாக்குகிறது. பொம்மை அதற்கு ஒரு நியாயம் தருகிறது. பேச்சுத் தமிழைப் பேச்சுத் தமிழாகவே எழுத இடம் தருவதும் இது ஒன்றுதான். பொம்மையின் வாயில் "நான் வரமாட்டேன் போ" என்பது சரியான தமிழ். கதை சொல்பவரின் வரி மட்டும் எழுத்து நடையில் இருக்கட்டும். இரண்டின் வேறுபாடு இலக்கணம் சொல்லாமலே காதில் ஏறும்.

உரையாடலை முதலில் எழுதவேண்டும், பொம்மை பிறகுதான். வரிசையை மாற்றினால் 40 நிமிடமும் பொம்மைக்குத் தலைமுடி ஒட்டுவதிலேயே போகும். சுமார் 10 செ.மீ. அட்டை உருவம், 20 செ.மீ. குச்சி, ஒட்டுநாடா. பசை வேண்டாம், காய்வதற்குள் குச்சி கழன்றுவிடும். 15 ஜோடியும் முன்னால் வந்து ஜோடிக்கு 2 நிமிடம் நடித்தால் அரை மணி, அதில் பெரும்பாலும் மற்றவர்கள் கவனம் சிதறிக் கிடப்பார்கள். ஐந்து ஜோடிகளாக மூன்று வட்டம் பிரித்து ஒரே நேரத்தில் நடிக்கவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும்.

எந்த வகுப்புக்கு எது

ஒரே ஒரு முறைதான் எடுக்க முடியும் என்றால் தயங்காமல் முதலாவதை எடுங்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாராவாரம் செய்தாலும் சலிக்காது, தாள் இல்லாவிட்டால் சிலேட்டிலும் நடக்கும். சிலேட்டில் செய்தால் படமும் எழுத்தும் ஒரே பாடவேளைக்குள் முடிய வேண்டும், மறுநாள் வரை படம் நிற்காது.

முதல் வகுப்பின் முதல் பாதியில் களிமண்ணுக்கும் அட்டைக்கும் வாரம் ஒரு 15 நிமிடம், மீதி நேரம் படமும் சொல்லும். பிற்பாதியில் அதைக் குழம்பும் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதத் தெரிந்த பிள்ளையை ண செய்யச் சொல்வது அதன் நேரத்தைத் திருடுவது. இரண்டாம் வகுப்பில் மூன்று வாரம் படமும் எழுத்தும், நான்காவது வாரத்தில் அந்தப் படங்களில் ஒன்றைக் கதையாக்கி ஏ3 புத்தகம். மூன்றாம் வகுப்பிலிருந்து புத்தகம் மூன்று வாரத்துக்கு ஒன்று வரலாம். பொம்மை பருவத்துக்கு ஒரு முறை போதும், ஆனால் வகுப்பில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருந்தால் மாதம் ஒரு முறை ஆக்குங்கள்.

முதல் வாரத் தாள்களைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே பிள்ளையின் புதுத் தாளைப் பக்கத்தில் வைத்து வினைச்சொற்களை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அதே முறையில் போகலாம். கூடவில்லை என்றால் முறையை மாற்றும் முன் நீங்கள் கொடுத்த தலைப்புகளைப் பாருங்கள், அவை இன்னும் "எனக்குப் பிடித்த பூ" போல அகலமாகவே இருக்கின்றனவா என்று.